நியூயார்க் வழக்கை லண்டன் கோர்ட்டுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் 'லா அண்ட் ஆர்டர்' தொடரை பிரிட்டனின் ஐடிவி எடுத்துச் செய்தபோது மூலக் கதைகளையே பயன்படுத்திக்கொண்டது என்று படித்தேன். இரண்டு நாட்டுக்கும் மொழி ஒன்று, சட்டத்தின் வேரும் ஒன்று. அப்புறம் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? வக்கீலுக்கு விக்கும் அங்கியும் மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாதா?"

முடியாது. வேர் ஒன்றாக இருப்பதால்தான் வேலை கூடுகிறது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் காட்சிகளுக்கு அடியில் சட்டம் வேறாக ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் எடுத்தால் எல்லாமே வேறு என்று தெரிந்தே எடுப்பார்கள். ஆங்கிலேயர்களுக்கு எது அப்படியே பொருந்தும், எது பொருந்தாது என்று ஒவ்வொரு வசனத்திலும் பார்க்க வேண்டியிருந்தது. அதிலும் முதல் சிக்கல் விக் இல்லை. கதையின் இரண்டாம் பாதியைத் தூக்கி நிறுத்தும் அந்த அரசு வழக்கறிஞர் என்கிற ஆள், அமெரிக்கத் தொடர் காட்டும் வடிவில், இங்கிலாந்தில் கிடையாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக் வுல்ஃப் உருவாக்கிய மூலத் தொடர் 1990 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கியது. 2010 வரை 20 சீசன் ஓடி நின்று, 2022-இல் மறுபடி தொடங்கியது. முதல் பாதியில் போலீஸ் துப்பறியும், இரண்டாம் பாதியில் வழக்கு நடக்கும். பிரிட்டிஷ் வடிவத்தைக் கூடோஸ் நிறுவனம் தயாரித்தது; அதை வடிவமைத்தவர் கிறிஸ் சிப்னல். 'லா அண்ட் ஆர்டர்: யூகே' என்ற பெயரில் 2009 பிப்ரவரி 23 அன்று வெளிவந்து, 2014 வரை 8 சீரிஸ், 53 எபிசோட் ஓடியது. மூலத் தொடரின் பழைய எபிசோடுகளை எடுத்து, லண்டனுக்கும் ஆங்கிலேயச் சட்டத்துக்கும் ஏற்ப மறுபடி எழுதினார்கள்.

மூலத்தில் ஒவ்வொரு எபிசோடும் ஒரு குரலோடு தொடங்கும். குற்றவியல் நீதி முறையில் மக்களுக்காக நிற்பவர்கள் சம முக்கியத்துவம் உள்ள இரண்டு தரப்பினர்: குற்றத்தை விசாரிக்கும் போலீஸ், குற்றவாளிமீது வழக்கு நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. லண்டன் வடிவத்திலும் அதே வாக்கியம்தான். கடைசிப் பதவி மட்டும் 'கிரவுன் பிராசிக்யூட்டர்' ஆனது. அந்த ஒரு பதவி மாறியதும் கதையின் எலும்புக்கூடே மாறிவிடுகிறது.

மன்ஹாட்டனின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். யார்மீது என்ன குற்றச்சாட்டு என்று முடிவெடுப்பது, எதிர்த்தரப்போடு பேரம் பேசுவது, தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி முன்னால் வாதாடுவது எல்லாம் அந்த ஒரே அலுவலகத்தின் வேலை. மூலத் தொடரின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஆடம் ஷிஃப் தன் உதவியாளர்களிடம் முகம் சுளிக்கும்போது, பின்னால் அடுத்த தேர்தலும் பத்திரிகைத் தலைப்பும் நகரத்து அரசியலும் நிற்கும். இங்கிலாந்தில் 1986 வரை பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்ததே போலீஸ்தான். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடுத்த ஆண்டு சி.பி.எஸ். என்கிற கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ் வந்தது. கடுமையான வழக்குகளில் என்ன குற்றச்சாட்டு வைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் போலீஸிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் அரசு ஊழியர்கள். யாரும் அவர்களுக்கு ஓட்டுப் போடுவதில்லை. வாதாடுவது பெரும்பாலும் சுதந்திரமாகத் தொழில் செய்யும் பாரிஸ்டர். அவர் இந்த மாதம் அரசுத் தரப்பில் நிற்பார், அடுத்த மாதம் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்பார்.

இதனால் பிரிட்டிஷ் டிவிக்கு அரசு வழக்கறிஞரை நாயகனாகக் காட்டும் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை. 1978 முதல் 1992 வரை வந்த 'ரம்போல் ஆஃப் தி பெய்லி' தொடரின் ரம்போல், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுகிறவர். 1972-இல் தொடங்கிய கிரனாடா டிவி நிறுவனத்தின் மதிய நேரத் தொடர் 'கிரவுன் கோர்ட்'டில் வழக்குதான் நாயகன். பொதுமக்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஜூரியாக உட்காரவைத்தார்கள். அதைவிடச் சுவாரசியம், 'லா அண்ட் ஆர்டர்' என்ற பெயரே அங்கே ஏற்கெனவே இருந்தது என்பது. ஜி. எஃப். நியூமன் எழுதி 1978-இல் பிபிசியில் வந்த நான்கு நாடகங்கள். துப்பறிவாளர், குற்றவாளி, வக்கீல், கைதி என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. போலீஸ் ஊழலை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதால் பெரிய சர்ச்சை ஆனது. அதே பெயரில், போலீஸையும் அரசு வழக்கறிஞரையும் நம்பச் சொல்லும் ஒரு தொடரை அதே நாட்டு மக்கள் முன்னால் வைத்தார்கள். அந்தத் துணிச்சலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சிப்னலும் அவரது எழுத்தாளர்களும் கண்டுபிடித்த வழி ஜேம்ஸ் ஸ்டீல் என்ற பாத்திரம். பென் டேனியல்ஸ் நடித்தார். சி.பி.எஸ்-இல் வேலை பார்க்கும் மூத்த வழக்கறிஞர். குற்றச்சாட்டையும் அவரே முடிவு செய்கிறார், விக் மாட்டிக்கொண்டு கோர்ட்டிலும் அவரே வாதாடுகிறார். இது முழுக் கற்பனை இல்லை. 1990-களில் வந்த சட்டங்களால் சி.பி.எஸ். தன் சொந்த வழக்கறிஞர்களையே, கடுமையான வழக்குகள் நடக்கும் கிரவுன் கோர்ட்டில் நிறுத்த முடிந்தது. ஆனால் லண்டனின் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் நடக்கும் ஒரு பெரிய கொலை வழக்கு என்றால், வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒரு பாரிஸ்டரை அமர்த்துவதுதான் வழக்கம். தொடர் சட்டத்தில் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்து, அதற்குள் ஒரு பெரிய மேஜையைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் இரண்டாம் பாதியை எழுதவே முடியாது.

ஷிஃப்பின் இடத்தில் பில் பேட்டர்சன் நடித்த ஜார்ஜ் காஸில். தேர்தல் பயம் இல்லாத ஒரு மேலதிகாரி எதை வைத்துத் தன் கீழே இருப்பவரைத் தடுப்பார்? இங்கேதான் ஆங்கிலேய நடைமுறை கைகொடுக்கிறது. சி.பி.எஸ். வழக்கறிஞர் ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு படி தாண்ட வேண்டும். தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்புள்ள அளவுக்குச் சாட்சியம் இருக்கிறதா? இருந்தால், வழக்கு நடத்துவது பொதுநலனுக்கு உகந்ததா? நியூயார்க்கில் "இது வெளியே எப்படித் தெரியும்?" என்று கேட்கும் இடத்தில், லண்டனில் "இது முதல் படியைத் தாண்டுமா?" என்று கேட்கலாம். நாடகத்துக்கு அந்த இரண்டாவது கேள்வி ஒன்றும் குறைச்சல் இல்லை. நல்லவர் என்று நாம் நினைக்கும் ஸ்டீல், கையில் போதிய சாட்சியம் இல்லாமல் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பத் துடிக்கிறார் என்றால், அவரைத் தடுக்கிற கிழவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

அடுத்த பெரிய முடிச்சு பேரம். மூலத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும். மேஜையின் இரு பக்கமும் வக்கீல்கள், நடுவில் குற்றவாளி. "கொலை வேண்டாம், அடுத்த நிலைக் குற்றத்தை ஒப்புக்கொள், இத்தனை வருஷம்" என்று எண்கள் பறக்கும். பாதி எபிசோடுகள் அந்த அறையில்தான் முடியும். இங்கிலாந்தில் அரசு வழக்கறிஞர் இத்தனை வருஷம் என்று விலை சொல்ல முடியாது. தண்டனை நீதிபதியின் கையில். 1970-இல் டர்னர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கறாராக வரையறுத்தது. 2005-இல் குட்இயர் வழக்குக்குப் பிறகு, எதிர்த்தரப்பு கேட்டால் மட்டும், இப்போது குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதிகபட்சத் தண்டனை இவ்வளவு என்று நீதிபதி முன்கூட்டியே சொல்லலாம் என்றானது. முதலிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. அரசு வழக்கறிஞர் செய்யக்கூடியது, எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வதை ஏற்பது என்று முடிவெடுப்பது மட்டும்தான்: கொலையா, அதற்குக் கீழான, கொலை அளவுக்குப் போகாத உயிர்ப்பறிப்பான மேன்ஸ்லாட்டரா.

கொலை என்றால் இங்கிலாந்தில் ஆயுள் தண்டனை கட்டாயம். குறைந்தது எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீதிபதி நிர்ணயிப்பார். அதனால் கொலைக்கும் மேன்ஸ்லாட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பெரிது. நியூயார்க்கில் பல படிகள் கொண்ட பேரம், லண்டனில் ஒற்றைப் படியாகிவிடுகிறது. நெகிழ்வு குறைகிறது, ஆனால் ஸ்டீல் அந்த ஒரு முடிவை எடுக்கும்போது அதன் கனம் கூடுகிறது. மரண தண்டனையும் இதே கணக்குதான். நியூயார்க் 1995-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, மூலத் தொடரும் அதைக் கதைக்குள் இழுத்துக்கொண்டது. பிரிட்டனிலோ கொலைக்கு மரண தண்டனை 1965-இலேயே போய்விட்டது. மரண தண்டனையை மையமாக வைத்த எந்தக் கதையும் கடல் தாண்டாது.

கொலை என்பதன் வரையறையே வேறு என்பது இன்னும் நுணுக்கமானது. லண்டன் வடிவத்தின் முதல் எபிசோட் 'கேர்' மூலத் தொடரின் இரண்டாம் சீசனில் வந்த 'க்ரேடில் டு கிரேவ்' கதையைத் தழுவியது. மருத்துவமனையில் ஒரு பச்சைக் குழந்தையின் உடல். தடம் பிடித்துப் போனால், குடியிருப்பவர்களைக் காலி செய்யவைக்கத் துடிக்கும் கட்டிட உரிமையாளரிடம் போய் நிற்கிறது. லண்டனில் குழந்தையைக் கொன்றது பழுதாக்கப்பட்ட பாய்லரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். குழந்தையைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நியூயார்க் சட்டத்தில் இதற்கு ஒரு தயார் ஆயுதம் உண்டு: மனித உயிரைத் துச்சமாக மதித்து, சாவுக்கு வழிவகுக்கும் பேராபத்தை உண்டாக்கினால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது இரண்டாம் நிலைக் கொலை. மூலத் தொடரின் வழக்கறிஞர்களுக்கு இந்தப் பிரிவு அவ்வளவு பிடிக்கும். இங்கிலாந்தில் அது கிடையாது. கொல்லும் எண்ணமோ கடுமையான காயம் உண்டாக்கும் எண்ணமோ நிரூபிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் மேன்ஸ்லாட்டர்தான். வேறொரு பெருங்குற்றத்தின்போது தற்செயலாக உயிர் போனாலும் கொலை என்கிற விதி நியூயார்க்கில் உண்டு; இங்கிலாந்து அதை 1957-இலேயே ஒழித்துவிட்டது. ஆகவே நியூயார்க்கில் ஒரு எபிசோடின் உச்சக்கட்டத்தைத் தாங்கிய சட்ட வாதம், லண்டனில் எழுதும் மேஜையிலேயே விழுந்துவிடும். எழுத்தாளர் புதிதாக ஒரு வாதத்தைக் கட்ட வேண்டும், அதுவும் பழைய கதையின் உணர்ச்சி குலையாமல்.

போலீஸ் பாதிக்கு வருவோம். மூலத் தொடரின் துப்பறிவாளர் லென்னி பிரிஸ்கோவின் இடத்தில் ரோனி புரூக்ஸாக பிராட்லி வால்ஷ். நகைச்சுவையாளராகவும் டிவி நிகழ்ச்சி நடத்துபவராகவும் தெரிந்த முகம். குடியை விட்டொழித்த, களைத்துப்போன ஒரு லண்டன் போலீஸ்காரராக அவர் நின்ற விதம் இந்தத் தொடரின் உயிர் என்பேன். அவர் இடுப்பில் துப்பாக்கி இல்லை, அவரோடு வரும் மேட் டெவ்லின் இடுப்பிலும் இல்லை. நியூயார்க்கில் கதவை உதைத்துத் துப்பாக்கி நீட்டும் காட்சிகள் எல்லாம் கதவைத் தட்டிப் பேச்சுக் கொடுக்கும் காட்சிகளாகின்றன. ஐந்தாம் சீரிஸின் முடிவில் டெவ்லின் சுடப்படுவது அவ்வளவு அதிர்ச்சி தந்ததற்குக் காரணமும் இதுதான்.

ஆனால் உண்மையான வித்தியாசம் விசாரணை அறையில். அமெரிக்கத் தொடரில், "உன் கூட்டாளி பக்கத்து அறையில் எல்லாத்தையும் கக்கிட்டான்" என்று பொய் சொல்லி வாக்குமூலம் வாங்குவது அன்றாடக் காட்சி. அங்கே போலீஸ் அப்படிப் பொய் சொன்னதாலேயே வாக்குமூலம் செல்லாமல் போகாது என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் போலீஸ் அதிகாரங்களை வரையறுக்கும் 1984-ஆம் ஆண்டின் பேஸ் சட்டத்துக்குப் பிறகு அந்த அறை அடியோடு மாறியது. ஒலிப்பதிவு ஓட வேண்டும், கேட்டால் சொலிசிட்டர் என்கிற வக்கீல் பக்கத்தில் இருப்பார், குற்றச்சாட்டு வைக்காமல் பிடித்துவைக்க 24 மணி நேரம். மேலதிகாரி அனுமதித்தால் 36. மாஜிஸ்திரேட் அனுமதித்தால் 96 வரை. 1980-களின் இறுதியில் மேசன் வழக்கில், பாட்டில் துண்டில் கைரேகை கிடைத்துவிட்டது என்று சந்தேக நபரிடமும் அவருடைய வக்கீலிடமும் போலீஸ் பொய் சொன்னது. அப்படி வந்த ஒப்புதலை ஏற்றிருக்கக் கூடாது என்று மேல்முறையீட்டில் தண்டனையே ரத்தானது.

ஆக, நியூயார்க்கில் தந்திரத்தால் திறந்த வாயை லண்டனில் வேறு எதாலாவது திறக்க வேண்டும். அதற்கு ஆங்கிலேயச் சட்டமே ஒரு கருவி தருகிறது. அமெரிக்கப் போலீஸ் கைது செய்யும்போது சொல்வது, "நீ மௌனமாக இருக்கலாம்." 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலேயப் போலீஸ் சொல்வது, "நீ எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்னால் கோர்ட்டில் நீ நம்பப்போகும் ஒரு விஷயத்தை இப்போது கேட்கும்போது சொல்லாவிட்டால், அது உன் தரப்பைப் பாதிக்கக்கூடும்." மௌனத்துக்கே ஒரு விலை வந்துவிடுகிறது. சந்தேக நபர் "நோ கமெண்ட்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், பக்கத்தில் சொலிசிட்டர் குறிப்பெடுக்கிறார், எதிரே ரோனி அலுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்கிறார். கத்தலும் மேஜை தட்டலும் இல்லாமலே அந்த அறையில் இறுக்கம் இருக்கிறது.

போலீஸ் தவறாகத் தேடிக் கைப்பற்றிய துப்பாக்கியை நீதிபதி தூக்கிப் போட்டுவிடுவார், வழக்கு பாதியில் ஆட்டம் காணும். இது மூலத் தொடரின் இன்னொரு பழகிய திருப்பம். அமெரிக்காவில் முறைகேடாகத் தேடி எடுத்த சாட்சியம் பெரும்பாலும் வெளியேறியாக வேண்டும். இங்கிலாந்தில் விசாரணையின் நியாயத்தைக் கெடுக்குமா என்று பார்த்து நீதிபதி முடிவெடுப்பார். பல சமயம் உள்ளே விட்டுவிடுவார். எனவே அந்தத் திருப்பத்தை அப்படியே வைத்தால் லண்டன் வக்கீல் ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார்.

கோர்ட் அறை பற்றி எல்லோரும் விக்கைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கால்கள். அமெரிக்க வழக்கறிஞர் அறை முழுக்க நடப்பார், சாட்சிக் கூண்டில் கை வைப்பார், ஜூரியின் முகத்துக்கு நேரே போய் நிற்பார். ஆங்கிலேய பாரிஸ்டர் தன் இடத்திலேயே நின்று பேசுவார். குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் பக்கத்தில் உட்காரமாட்டார், தனியாகக் கூண்டில். நீதிபதியிடம் சுத்தியல் கிடையாது. (நம் ஊர் சினிமாவில் "ஆர்டர், ஆர்டர்" என்று தட்டுகிறார்களே, அதுவும் நிஜ கோர்ட்டில் இல்லாததுதான்.) நடக்க முடியாத நடிகர் குரலாலும் கண்ணாலும் மட்டுமே ஜூரியைப் பிடிக்க வேண்டும். கேமராவும் அதற்கேற்ப மாற வேண்டும். நடையில் கிடைத்த வேகத்தை வெட்டுகளில் கொண்டுவர வேண்டும்.

சில காட்சிகள் முழுதாகவே போய்விடும். வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரி இங்கிலாந்தில் 1933-லேயே வழக்கொழிந்தது. ஜூரிகளை ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுக் கழிப்பது இல்லை. காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமையையும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. கோர்ட் படிக்கட்டில் நின்று மைக்குகளுக்கு முன்னால் வழக்கைப் பற்றி விளாசுவது நீதிமன்ற அவமதிப்பில் கொண்டுபோய் விடும்.

இழப்பு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். லண்டன் எழுத்தாளர்களுக்கு நியூயார்க்கில் இல்லாத சரக்கும் கிடைத்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருமுறை விடுதலையானவர்மீது வலுவான புதிய சாட்சியம் வந்தால் கொலை போன்ற குற்றங்களில் மறுபடி வழக்கு நடத்தலாம். அமெரிக்காவில் அரசியலமைப்பே அதைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் 12 பேர் ஜூரியில் 10 பேர் சொன்னாலே தீர்ப்பு செல்லும் என்பது 1967 முதல் உள்ள விதி. ஒரே ஒரு ஜூரியின் பிடிவாதத்தில் வழக்கு கவிழும் கதை அங்கே எளிதில் எடுபடாது. மூன்று பேரின் தயக்கம் வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கலாம். இங்கிலாந்து கோர்ட்டுகளில் கேமராவுக்கு 1925 முதல் தடை. கிரவுன் கோர்ட் நீதிபதி தண்டனை அறிவிப்பதை ஒளிபரப்ப 2022-இல்தான் வழி திறந்தது. விசாரணைக்கு இன்றுவரை இல்லை. தொடர் வந்த ஆண்டுகளில், ஜூரியாகவோ சாட்சியாகவோ பார்வையாளராகவோ போகாத ஒரு பிரிட்டிஷ் குடும்பத்துக்குத் தங்கள் கோர்ட் எப்படி இருக்கும் என்று காட்டியது நாடகம்தான். அவர்கள் நியூயார்க் விதிகளை லண்டன் விதி என்று நம்பிவிட்டுப் பிறகு ஜூரியில் போய் உட்கார்ந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

என் ஒரே வருத்தம் பெயரில் இருக்கும் 'யூகே'. தொடர் காட்டுவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் ஜூரி 15 பேர், அங்கே வழக்கு நடத்துவது சி.பி.எஸ். அல்ல, ப்ரோக்யுரேட்டர் ஃபிஸ்கல், நடைமுறையே வேறு. எடின்பரோவில் இதைப் பார்க்கிறவருக்கு லண்டனும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே தூரம்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால், முதலில் 'க்ரேடில் டு கிரேவ்' பாருங்கள், அடுத்து 'கேர்'. கதை தெரிந்துவிட்டதால் சட்டம் எங்கெங்கே வழியை மாற்றுகிறது என்று கவனிக்க நேரம் கிடைக்கும். முக்கியமாக வக்கீல்கள் தனியாகப் பேசிக்கொள்ளும் காட்சிகளைக் கவனியுங்கள்; யார் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பது அங்கேதான் தெரியும்.